ஊசி போட்ட மாட்டின் பால்

காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் ரயில் வேலூரைத் தாண்டியதும் மேற்கே ஜவ்வாது மலை கூடவே வர ஆரம்பிக்கும். கண்ணமங்கலம், ஆரணி ரோடு, அடுத்து போளூர். ஆரணி ரோடு நிலையம் இருப்பது களம்பூரில். ஆரணிக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே நெல் வயல், கரும்பு, மல்லாட்டைக் கொல்லை, ஏரிக்கரைப் பனைகள். வரப்போரம், தோப்பு, வீட்டு வாசல் என்று எங்கே பார்த்தாலும் ஒரு கறவை மாடு கட்டியிருந்தது. அரிசிக்கும் பட்டுக்கும் பேர் போன இந்த வட்டாரத்தில் பாலும் பெரிய தொழில்தான். சிறு விவசாயிக்கும் கைத்தறி நெசவாளிக்கும் அன்றாடச் செலவுக்குக் கைகொடுப்பது பால் காசு.

அந்தப் பாலைப் பார்க்கத்தான் போளூர் போனேன். மாட்டுக்கு நோய் வந்தால் ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறோம். அந்த மருந்து பாலில் எத்தனை நாள் தங்கும்? தங்கியிருக்கிறதா என்று யார், எங்கே சோதிக்கிறார்கள்? மாடு கட்டியிருக்கும் இடத்துக்கே போய் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நெடுநாள் எண்ணம். கால்நடை மருத்துவரான நண்பர் ஒருவரும் உடன் வந்தார். அவர் பையில் சோதனைப் பட்டைகள் அடங்கிய டப்பா ஒன்று இருந்தது.

போளூரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 மே முதல் அக்டோபர் வரை நாடு முழுக்கப் பாலைச் சோதித்தது. 50,000 பேருக்கு மேல் வசிக்கும் 1,103 நகரங்களில் 6,432 மாதிரிகள் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு முடிவுகள் வெளிவந்தன. 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் எச்சம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அதாவது நூற்றுக்கு 1.2. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை பெரிய குறை வேறாக இருந்தது. பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து பாலுக்கு வரும் அஃப்ளடாக்சின் எம்1 என்ற நச்சு, இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88இல் வரம்பை மீறியிருந்தது. போளூர் அளவுள்ள ஊர்கள் இந்தக் கணக்கெடுப்பில் வரவில்லை. நகரத்துக்காரர்கள் குடிக்கும் பாலைக் கறந்து அனுப்புவதோ இப்படிப்பட்ட ஊர்கள்தான்.

மாலையில் ஆரணி சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் நெசவாளர் வீட்டுக்குப் போனோம். முன்கட்டில் குழித்தறியில் பாதி நெய்த அரக்கு நிறச் சேலை. பின்கட்டில் தென்னங்கீற்றுக் கொட்டகை, அதில் ஒரு ஜெர்சி கலப்புப் பசுவும் அதன் கன்றும். தறி அவருடையது, மாடு அவர் மனைவியின் பொறுப்பு.

“ஒரு காம்பு மட்டும் வீங்கிப்போச்சு சார். மடி கல்லா இருக்குது. கறந்தா திரிதிரியா வருது” என்றார் அந்த அம்மா. கறவை மாட்டுக்காரர்கள் எல்லோரும் அஞ்சும் மடிநோய். காம்புக்குள் டியூப் மருந்து விட்டு, கழுத்தில் ஊசியும் போட்டிருந்தார்கள்.

“அந்தப் பாலை என்னக்கா பண்றீங்க?” என்று நண்பர் கேட்டார்.

“திரிஞ்ச பாலைக் கீழ ஊத்திடறோம். மத்த மூணு காம்புல பால் நல்லாத்தான் வருது. சொசைட்டிக்கு ஊத்தலாமா, வேணாமான்னு தெரியல. ஊசி போட்டவரும் ஒண்ணும் சொல்லல. இன்னைக்குக் கன்னுக்குட்டிக்கு விட்டுட்டோம்.”

நல்லாத்தான் வருகிறது என்று அவர் சொன்ன காம்புகளில் ஒன்றிலிருந்து கொஞ்சம் பால் கேட்டு வாங்கினார் நண்பர். பக்கத்து வீட்டு மாட்டின் பாலையும் இன்னொரு டம்ளரில் வாங்கிக்கொண்டார். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே மணம். டப்பாவிலிருந்து இரண்டு சின்னக் குப்பிகளை எடுத்தார். குப்பிகளின் அடியில் இளஞ்சிவப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. பென்சிலின் வகை மருந்துகளையும் டெட்ராசைக்ளின் வகை மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் அவை. அந்தச் சிவப்பு, புரதத்தோடு சேர்த்திருக்கும் மிக நுண்ணிய தங்கத் துகள்களின் நிறம். ஒவ்வொரு குப்பியிலும் நாலைந்து சொட்டுப் பால் விட்டுக் கலக்கி, பேட்டரியில் ஓடும் சின்னச் சூடேற்றியில் 40 டிகிரியில் சில நிமிடம் வைத்தார். பிறகு குப்பிக்கொரு காகிதப் பட்டையை உள்ளே நிறுத்தினார். பால் பட்டையில் மெல்ல ஏறியது.

பக்கத்து வீட்டுப் பாலில் நின்ற பட்டையில் மூன்று சிவப்புக் கோடுகள் அழுத்தமாக விழுந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கோடு ஒன்று, பென்சிலினுக்கு ஒன்று, டெட்ராசைக்ளினுக்கு ஒன்று. நோய்ப்பட்ட மாட்டின் பாலில் நின்ற பட்டையில் இரண்டுதான் தெரிந்தன. பென்சிலின் கோடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பாலில் மருந்து இருந்தால் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு நிரம்பிவிடும். பட்டையில் வந்து ஒட்ட அதற்கு இடம் மிஞ்சாது. அதனால் கோடு மங்கும், மருந்து அதிகமானால் விழவே விழாது. ஊசி மருந்து ரத்தத்தோடு கலந்து மடி முழுக்கப் போகிறது, ஆகவே வீங்காத காம்பின் பாலிலும் வரும் என்று நண்பர் விளக்கினார். கன்றுக்கு விடுவதும் நல்லதில்லை, அதன் குடலில் இருக்கும் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும் என்றார்.

“பாக்கறதுக்கு நல்லாத்தானே சார் இருக்குது!” என்று அந்த அம்மா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தறியை நிறுத்திவிட்டு அவர் கணவரும் எழுந்து வந்தார். “பட்டான்னு சந்தேகம் வந்தா ஒரு நூலைக் கொளுத்தி மோந்து பாத்துடுவோம். சரிகைய உரசிப் பாத்துடுவோம். பாலுக்கும் இப்படி ஒண்ணு இருக்குதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது” என்றார். ஆண்டுக்கொரு முறை வாங்கும் சேலைக்குச் சோதனை உண்டு. தினமும் பிள்ளைகள் குடிக்கும் பாலுக்கு இந்தச் சோதனை ஊர் வரைக்கும் வரவில்லை.

எவ்வளவு மருந்து இருந்தால் அதிகம்? ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் அமைப்பு, பென்சிலினுக்கு வைத்திருக்கும் வரம்பு ஒரு கிலோ பாலுக்கு 4 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு மில்லிகிராம் மருந்து 250 லிட்டர் பாலை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும். 40 லிட்டர் கேன்களில் ஆறு நிரம்பி, ஏழாவதிலும் கொஞ்சம். மாட்டுக்குப் போடுவதோ நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மில்லிகிராம். சிகிச்சையில் இருக்கும் ஒரு மாட்டின் பால் போதும், ஊர்ப் பால் முழுக்கக் கெட.

காய்ச்சினால் போய்விடாதா என்று போளூரில் பலர் கேட்டார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். மருந்து அப்படிப் போய்விடாது. சில மருந்துகள் சூட்டில் ஓரளவு குறையும், பல மருந்துகள் அப்படியே நிற்கும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தச் சொற்ப அளவே சில வேளைகளில் தடிப்பையும் அரிப்பையும் கொண்டுவரும்.

மறுநாள் விடியற்காலையில் பால் சொசைட்டி வாசலில் நின்றோம். சைக்கிளிலும் டிவிஎஸ் 50இலும் தூக்கிலும் பால் வந்துகொண்டிருந்தது. செயலாளர் ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்து இயந்திரத்தில் வைக்க, கொழுப்பும் இதரச் சத்தும் திரையில் வரும். தண்ணீர் கலந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். எண் குறைந்தால் விலை குறையும். வரிசையில் நின்ற எல்லோருக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. மருந்து போட்ட மாடா என்று கேட்க நோட்டில் இடமில்லை, கேட்பவரும் இல்லை. எல்லாப் பாலும் ஒன்றாகிக் குளிர்கலனுக்குப் போய் 4 டிகிரிக்கு இறங்கி, டேங்கரில் ஏறி ஊரை விட்டுப் போகிறது.

பெரிய பால் பண்ணைகளில் டேங்கர் வந்து நின்றதும் இந்த மருந்துச் சோதனையைச் செய்கிற வழக்கம் இருக்கிறது. ஆனால் அங்கே மருந்து தெரிந்தால் திரும்புவது ஒரு டேங்கர் முழுக்கப் பால். அதில் நூறு வீட்டு நல்ல பாலும் இருக்கும். எந்த வீட்டு மாடு என்று அங்கே நின்று கண்டுபிடிக்கவும் முடியாது.

சொசைட்டிக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மெஸ் நடத்தும் அக்கா ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னார். சில நாள் எவ்வளவு உறை ஊற்றினாலும் தயிர் உறைவதில்லையாம். பால் பாலாகவே இருக்குமாம். குளிர் காலத்திலும், உறைமோர் சரியில்லாதபோதும் அப்படி ஆவதுண்டு. மருந்தும் ஒரு காரணமாக இருக்கலாம். தயிரை உறையவைக்கும் பாக்டீரியாக்கள் பென்சிலினுக்குச் சட்டென்று மடங்கிவிடும். இந்தப் பிரச்சினையை உலகம் முதலில் கண்டுகொண்டதே இப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மடிநோய்க்குப் பென்சிலின் போடத் தொடங்கியதும் மேல்நாட்டுப் பாலாடைக்கட்டிக்காரர்களின் உறை வேலை செய்யாமல் போனது. மக்கள் உடல்நலத்தைப் பற்றிய கவலையைவிடத் தொழில் நட்டம்தான் அப்போது அவர்களைச் சோதனை தேட வைத்தது.

அந்தத் தேடலில் பிறந்ததுதான் நெதர்லாந்தின் டெல்வோடெஸ்ட். சூட்டைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகளை ஊதா நிறக் கூழில் வைத்து, மேலே பால் விட்டு, 64 டிகிரியில் சுமார் மூன்று மணி நேரம் வைப்பார்கள். பாலில் மருந்து இல்லாவிட்டால் பாக்டீரியா பெருகி அமிலம் சுரக்கும், ஊதா மஞ்சளாகும். மருந்து இருந்தால் பாக்டீரியா வளராது, ஊதா ஊதாவாகவே நிற்கும். கர்னாலில் இருக்கும் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனமும் வித்துகளை வைத்து நம் நாட்டுக்கென்று சோதனை முறைகளை உருவாக்கியிருக்கிறது.

பட்டையும் ஊதாக் கூழும் சந்தேகத்தைத்தான் சொல்லும். எந்த மருந்து, எவ்வளவு என்று உறுதி செய்ய ஆய்வகம் வேண்டும். சென்னை மாதவரம் பால்பண்ணையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு இதற்கென்றே ஓர் ஆய்வகம் உண்டு. இத்தகைய ஆய்வகங்களில் முதலில் பாலிலிருந்து புரதத்தையும் கொழுப்பையும் பிரித்தெடுப்பார்கள். மிஞ்சும் தெளிந்த நீரை மெல்லிய குழாய் வழியே செலுத்தினால் ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். வந்ததை எடை பார்த்து, உடைத்து, உடைந்த துண்டுகளையும் எடை பார்த்து இன்ன மருந்து என்று ஒரு கருவி சொல்லும். ஒரு கிலோவில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவானதைக்கூட அது விடாது. அவ்வளவு வல்லமை சென்னையில் இருக்கிறது. மாதிரி அங்கே போய் முடிவு வருவதற்குள் பால் குடித்து முடிந்திருக்கும்.

போளூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கேளூர் சந்தைமேடு. மாட்டுச் சந்தைக்குப் பேர் போன இடம். சந்தைக்கு வந்திருந்த மாடுகளின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்கியது. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், மடியைத் தடவிப் பார்க்கிறார்கள், எத்தனையாவது ஈத்து என்று கேட்கிறார்கள். போன வாரம் என்ன ஊசி போட்டது என்று யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. மாடு கை மாறுகிறது, மருந்தின் விவரம் பழைய வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

சட்டத்தில் இதற்கு வழி எழுதியிருக்கிறார்கள். 2012இல் மருந்து விதிகளில் சேர்த்த திருத்தத்தின்படி கால்நடை மருந்து லேபிளில், கடைசி மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் பாலையும் இறைச்சியையும் ஒதுக்க வேண்டும் என்று அச்சிட வேண்டும். அந்த மருந்துக்கென்று நாள் குறிப்பிடாவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கோழி, ஆடு, மாட்டு இறைச்சிக்கு 28 நாள். கறிக்கோழி ஏறத்தாழ 40 நாளில் கடைக்கு வந்துவிடுகிறது என்பதை நினைத்தால் 28 நாள் எவ்வளவு பெரிது என்று புரியும். டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014இல் அந்த நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 70 கோழி மாதிரிகளைச் சோதித்தபோது நூற்றுக்கு 40இல் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. நண்பர் காட்டிய மருந்துப் பெட்டியில் ஒதுக்கு நாள் இருக்கத்தான் செய்தது, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். நெசவாளர் வீட்டு அம்மாவுக்கு அது போய்ச் சேர வழியில்லை.

ஒரு பகல் அத்திமூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போய் வந்தோம். வழியில் பலா மரங்களும் சாமைக் கொல்லைகளும். மலைத்தேன் விற்றுக்கொண்டிருந்தவரிடம் பேசினோம். பாறையிலும் மரக்கொம்பிலும் தானே கட்டும் தேனீக்கு யாரும் மருந்து வைப்பதில்லை. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு நோய் வந்தால் ஆன்டிபயாடிக் கொடுக்கிறவர்கள் உண்டு, அது தேனில் இறங்கும். எச்சப் பிரச்சினையைக் காட்டி 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேனுக்குத் தடை போட்டது. மறு ஆண்டு விலக்கியது. இறாலிலும் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் பிடிபட்டு நம் சரக்கு திரும்பியிருக்கிறது. அதன் பிறகு ஏற்றுமதிக்குப் போகும் தேனுக்கும் இறாலுக்கும் முட்டைக்கும் சோதனை ஒழுங்குகள் இறுகின. வெளிநாட்டுக்காரர் சாப்பிடுவதற்கு இருக்கும் அந்தக் கவனம் போளூர்க் குழந்தையின் டம்ளருக்கும் வேண்டும்.

இது வெறும் பால் விவகாரம் இல்லை. பெரும்பாலான மருந்துகளுக்கு மடங்காத வல்லமையைக் கிருமிகளுக்குத் தரும் என்டிஎம்-1 நொதியைப் பற்றி 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வு உலகையே பேசவைத்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. ஆராய்ந்த கிருமிகளில் சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்தவையும் இருந்தன. அப்படிப்பட்ட கிருமிகளுக்கு மருத்துவர் கையில் மிஞ்சியிருந்த மிகச் சில மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். அதே கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். அதை மடக்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை 2015இல் சீன ஆய்வாளர்கள் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டார்கள். 2019 ஜூலையில் இந்தியா உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. 2025 மார்ச்சில் அதேபோல் குளோராம்பெனிகாலுக்கும் நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளுக்கும் தடை வந்தது. பாலில் தெரியும் எச்சம், அந்த மருந்தைக் கணக்கில்லாமல் புழங்குகிறோம் என்பதற்கான அடையாளம்.

மருந்தே போடாதே என்று மாடு வைத்திருப்பவரிடம் சொல்ல முடியாது. வலியில் நிற்கும் மாட்டுக்கு வைத்தியம் வேண்டும். ஆனால் மருந்தின் தேவையைக் குறைக்கலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி மடிநோய்க்குப் பரப்பிய மூலிகை முறை இன்று தேசியப் பால்வள வாரியம் வரை போயிருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, மடியைக் கழுவி, நாளுக்குப் பல முறை பூச வேண்டும். நோயின் தொடக்கத்திலேயே பூசினால் பல மாடுகளுக்கு ஊசியே தேவைப்படாது என்றார் நண்பர். முற்றிய நோய்க்கு மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஊசி தேவைப்பட்டால் என்ன ஆகிறது? ஆவின் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாயாக உயர்த்தியது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அந்த 38 ரூபாய்க் கணக்கில், நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் மாட்டின் பாலை 7 நாள் ஒதுக்கினால் 2,660 ரூபாய் போகும். மருந்துச் செலவு தனி. நெசவாளர் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. நேர்மையாக நடப்பவர் தன் கைக்காசை இழக்கிறார். சொல்லாமல் ஊற்றுகிறவருக்கு முழுப் பணம் கிடைக்கிறது. இந்தக் கணக்கை மாற்றாமல் எத்தனை கருவி வாங்கினாலும் பயனில்லை.

ஆகவே ஆவினுக்கும் தனியார் பால் நிறுவனங்களுக்கும் என் வேண்டுகோள் இது. சோதனைப் பட்டையை டேங்கர் போய்ச் சேரும் இடத்திலிருந்து கிராமத்துக் குளிர்கலனுக்குக் கொண்டுவாருங்கள். குளிர்கலனில் ஊற்றுவதற்கு முன்பே கேன் வாரியாகப் பார்த்தால் எந்த வீடு என்று தெரிந்துவிடும், மற்றவர் பால் தப்பிக்கும். கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஊசி போட்டதும் எந்தத் தேதிவரை பால் ஊற்றக் கூடாது என்று தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், மாட்டின் காது எண்ணோடு அதைப் பதிவு செய்தால் சந்தையில் வாங்குகிறவருக்கும் தெரியும். வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பால்காரரிடம் தண்ணீர் கலந்ததா என்று கேட்கிறோம். மாட்டுக்கு ஊசி போட்டதா என்றும் கேளுங்கள். போட்டது என்று அவர் உண்மையைச் சொன்னால் கோபப்படாதீர்கள், அந்த வாரத்துப் பணத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முதலாக, மருந்து போட்ட மாட்டின் பாலை ஒதுக்கி வைக்கும் விவசாயிக்கு அந்தப் பாலின் விலை கிடைக்க வேண்டும். அரசும் பால் நிறுவனங்களும் அதைக் கொடுக்க முன்வரும் நாளில்தான் நம் பால் உண்மையில் சோதிக்கப்படும்.